ஐந்தாவது கேள்வி

படம் வெளியாவதற்கு முன்னால் அதை முன்பின் தெரியாத முந்நூறு பேருக்கு இலவசமாகப் போட்டுக் காட்டி, எப்படி இருக்கிறது என்று எழுதி வாங்குகிற வழக்கம் அந்தப் படக் கம்பெனியில் இருந்தது. கருத்துச் சீட்டு என்று அதற்குப் பெயர். ஓர் அட்டை, ஆறு கேள்வி, கூடவே ஒரு பென்சில். பெயர் வேண்டாம், விலாசம் வேண்டாம். பெயரைக் கேட்டால் ஜனங்கள் மரியாதைக்காகப் பொய் சொல்வார்கள் என்பது முதலாளியின் கட்சி.

அந்தச் சீட்டுகளைப் படித்துப் பிரித்து, கூட்டி, அறிக்கை எழுதுகிறவரை ஆபீஸில் எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தோரு வருடமாக அதுதான் வேலை. எழுத்தின் சாய்வையும் பென்சிலின் அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "இது நாப்பது வயசு பொம்பள, பாங்க்ல வேலை, வீட்ல மாமியார் கூட இருக்காங்க" என்பார். சரியா தப்பா என்று யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது, பெயர்தான் இல்லையே. அதனாலேயே மனிதர் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. நாளடைவில் தனக்கு உண்மையாகவே அந்த சக்தி இருக்கிறது என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

அந்தத் தடவை வந்தது ஒரு சிரிப்புப் படம், காதல் படமும்கூட. இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை. ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஒரு நாடகாசிரியர். ராஜா முதல் லாயக்காரன் வரைக்கும் அவர் எழுதிய காதல் வசனத்தைச் சொல்லித்தான் பெண்களை மயக்குகிறார்கள். ஆனால் அவர் விரும்புகிற நடிகை எதிரே வந்து நின்றால் மட்டும் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நடிகைக்கோ எத்தனை தடவை படித்தாலும் வசனம் மனப்பாடம் ஆகாது. ஆகவே மேடையின் முன்பக்கம் ஒரு குழி வெட்டி, எழுதியவரையே அதற்குள் உட்காரவைத்து வசனம் எடுத்துக்கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு நாள் அவர் கையிலிருந்த நாடகத்தை மூடி வைத்துவிட்டு, தன் மனசில் கிடந்ததை எடுத்துக்கொடுக்கிறார். அவளும் அதை நாடக வசனம் என்று நினைத்து, எதிரே ராஜா வேஷத்தில் நிற்கிற தொந்தி நடிகரிடம் உருக உருகப் பேசுகிறாள். பாதியில்தான் அவளுக்கு உறைக்கிறது. பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து குழியைப் பார்க்கிறாள்.

படம் பத்து நிமிடம் நீளமாகப் போய்விட்டது. ஒன்று குழிக் காட்சி போகவேண்டும், இல்லை குதிரை வண்டித் துரத்தல் போகவேண்டும். துரத்தலில் வண்டி ஓட்டியது முதலாளியின் மச்சினர். அதனால் முதலாளி எது என்று தான் சொல்லாமல், "ஜனங்க என்ன சொல்றாங்களோ அதுதான்" என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் சொல்வது என்றால் ஜோசியர் சொல்வது.

சனிக்கிழமை மத்தியானம் படத்தைப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் ஜோசியரின் மேஜைக்கு வந்தன. அவர் டீயைக் குடித்துவிட்டு, விரலில் ஈரம் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு இதைவிட சந்தோஷமான வேலை உலகத்தில் கிடையாது.

'நாடகாசிரியரின் மீசை ஒரு காட்சியில் இடப்பக்கம் தூக்கலாக இருக்கிறது.' இது சலூன்காரர். 'இவ்வளவு புகழ்பெற்றவர் என்கிறீர்கள், படம் முழுக்க ஒரே சட்டையா?' துவைக்கிற அலுப்புத் தெரிந்த குடும்பத்தலைவி. 'நிறையச் சிரித்தேன். ஓசி டிக்கெட் என்பதாலும் இருக்கலாம்.' நேர்மையான மனிதர், வேலை இல்லாதவர். 'எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர் ஒவ்வொரு வசனத்தையும் திருப்பிச் சொன்னார். முதலில் அவரை வெட்டவும்.' 'அந்தக் காலத்துப் பெண்கள் இவ்வளவு பேசுவார்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த சீட்டிலேயே வேறொரு கை, 'அந்தக் காலத்து ஆண்கள் இவ்வளவு கேட்பார்களா?' என்று எழுதியிருந்தது. பக்கத்துப் பக்கத்து நாற்காலி, புருஷன் பெண்சாதி என்று ஜோசியர் தீர்மானித்துச் சிரித்துக்கொண்டார்.

எழுபத்து நாலாவது சீட்டை எடுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அது அவர் மனைவியின் கையெழுத்து. பன்னிரண்டு வருடமாகக் காய்கறிச் சீட்டிலும் சலவைச் சீட்டிலும் பார்த்துப் பழகிய எழுத்து. நாற்காலி போட்ட மாதிரி ஒரு 'ற', வால் சுருண்ட 'ழ', ஒவ்வொரு பதிலுக்கும் கீழே ஒரு சின்னக் கோடு. இதற்கு ஜோசியம் தேவையில்லை.

ஆபீஸ்காரர்களின் வீட்டு மனிதர்கள் இந்தக் காட்சிக்கு வரக்கூடாது என்பது சட்டம். அவளுக்கும் அது தெரியும். சட்டத்தை மீறி வந்ததோடு வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை. சரி, ஆசைப்பட்டு வந்திருப்பாள், போகட்டும் என்று முதல் கேள்வியைப் படித்தார். பிடித்த காட்சி, குழிக் காட்சி. அதுவும் போகட்டும். ஐந்தாவது கேள்விக்கு வந்தார். 'இந்தப் படம் உங்களுக்கு யாரையாவது நினைவுபடுத்தியதா?'

'ஆமாம். ஏழு சனிக்கிழமை ஒருவர் பஸ் நிறுத்தத்தில் எனக்காக வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாவது சனிக்கிழமை நானே பேசிவிடுவது என்று போனேன். அவர் வரவில்லை.'

ஆறாவது கேள்வி, 'மறுபடி பார்ப்பீர்களா? யாருடன்?' அதற்குக் கீழே இரண்டே வார்த்தை. 'அவர் வந்தால்.'

ஜோசியர் எந்தப் பஸ் நிறுத்தத்திலும் யாருக்காகவும் நின்றதில்லை. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் அவர் அவளிடம் பேசியது மொத்தமே ஒரு கேள்விதான். "வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஏறுவியா?" அவள், "ஏறுவேன்" என்றாள். அன்றிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். அந்த ஒரு கேள்வியே போதும் என்று அவர் நினைத்திருந்தார். எவனோ ஒருவன் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏழு வாரம் நின்றே ஜெயித்திருக்கிறான்.

மிச்சச் சீட்டுகளை அவரால் படிக்க முடியவில்லை. எந்தச் சீட்டை எடுத்தாலும் அந்த 'ற' நாற்காலி போட்டு உட்கார்ந்தது. கட்டுகளை அப்படியே தூக்கி டைப்பிஸ்ட் அம்மாளிடம் கொடுத்து, "நீங்களே கூட்டிடுங்க, எனக்குத் தலை வலிக்குது" என்றார். இருபத்தோரு வருடத்தில் அவருக்குத் தலைவலி வந்தது அதுதான் முதல் தடவை. டைப்பிஸ்ட் அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டுகளை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில், சட்டையைக் கழற்றி மாட்டுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம் எங்க போயிருந்த?"

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில் இரண்டு மணி வரைக்கும் கடை. அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அரை நாள் லீவு போட்டேன். மேல்வீட்டு டீச்சர் கூப்பிட்டாங்க. சும்மா கடைப் பக்கம் போயிட்டு வந்தோம்."

"எந்தக் கடை?"

"எந்தக் கடைன்னு என்னத்தச் சொல்ல? நாலு கடை பாத்தோம். ஒண்ணும் வாங்கல. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

பொய் சொல்கிறாள். கண்ணெதிரே நின்றுகொண்டு, ஒரு தலையணை உறையை நாலாக மடித்தபடி, நோகாமல் பொய் சொல்கிறாள். சீட்டில் படித்ததை வெளியே சொல்லக்கூடாது என்பதும் ஆபீஸ் சட்டம். அதை எழுதியவரே ஜோசியர்தான். ஊமை கண்ட கனவு போல மனிதர் உள்ளேயே புகைந்தார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் பாத்திரம் துலக்கும்போது ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அந்தப் படத்தின் பாட்டு. கடையில் புதிதாக வந்த கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்து, "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். யாருக்கு நன்றாக இருக்கவேண்டும் என்று அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டு, "ம்" என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பால்காரரைத்தான் பார்த்திருப்பாள். ஆனால் பால்காரரும் அன்றைக்குச் சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்டார்.

எத்தனையோ பேருடைய காதலைச் சீட்டில் படித்து, கட்டுப் போட்டுப் பரணில் ஏற்றியவர் அவர். ஒன்றும் அவரைச் சுட்டதில்லை. இது சுட்டது. அவள் இன்னொருவனை நினைத்தாள் என்பதைவிட, அந்த நினைப்பைப் பன்னிரண்டு வருடம் கசங்காமல் வைத்திருந்தாள் என்பதுதான் தாங்கவில்லை. அவன் எப்படி இருப்பான்? உயரமா? குடை வைத்திருந்தானா? எட்டாவது வாரம் ஏன் வரவில்லை? அந்த முட்டாள் வந்திருந்தால் தனக்கு இவள் கிடைத்திருக்க மாட்டாளே என்ற யோசனையும் நடுவில் ஒரு தடவை வந்தது. அதற்காக அவனுக்கு நன்றி சொல்லவேண்டி வரும்போல இருந்ததால் அந்த யோசனையை உடனே விரட்டிவிட்டார்.

புதன்கிழமை டைப்பிஸ்ட் அம்மாள் கூட்டிக் கொடுத்தாள். குழிக் காட்சி பிடித்தது என்றவர்கள் நூற்றெழுபத்தொரு பேர், அலுத்தது என்றவர்கள் ஒன்பது பேர். துரத்தல் பிடித்தது முப்பத்தெட்டு, அலுத்தது நூற்று நாற்பது. இதற்கு மேல் பேச்சே இல்லை.

ஜோசியர் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் வெளியாகும். ஊரெல்லாம் ஓடும். எங்கோ இருக்கிற அந்த ஏழு சனிக்கிழமைக்காரனும் ஒரு நாள் டிக்கெட் எடுத்துப் போய் உட்காருவான். குழியிலிருந்து நாடகாசிரியர் முணுமுணுப்பார். அவனுக்கும் நினைவு வரும். 'அவர் வந்தால்' என்று எழுதியிருக்கிறாள், அவன் வந்தால்? பேனாவை எடுத்தார். இருபத்தோரு வருடமாக ஓர் எண்ணைக்கூட மாற்றாத கை அது. குழிக்கு நேரே துரத்தலின் எண்களையும், துரத்தலுக்கு நேரே குழியின் எண்களையும் எழுதியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஆனால் கொளுத்துகிறவனுக்கு அந்த நேரத்தில் எலி மட்டும்தானே தெரியும்.

முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பாத்தீங்களா, ஜனங்களுக்கு வண்டிதான்யா புடிக்குது!" என்று மச்சினருக்குப் போன் போட்டார். எடிட்டர் மட்டும் அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு, "அண்ணே, தியேட்டர்ல நானும் இருந்தேன். குழி சீன்ல எல்லாரும் அழுதாங்களே" என்றான். "அலுப்புல கண்ணு கலங்குறதும் உண்டு" என்றார் ஜோசியர். இருபத்தோரு வருட நாணயம் பின்னால் நின்றதால் எடிட்டர் மேற்கொண்டு பேசவில்லை.

காட்சியை வெட்டியும் புகைச்சல் அடங்கவில்லை. ஆளைப் பார்க்காமல் அடங்காது என்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை ஆபீஸில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு, ஒரு மணிக்கே கண்ணாடிக் கடைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். வருகிறவன் சனிக்கிழமைதானே வருவான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். நிறுத்தத்தில் நாலு பேர். பையை மடியில் வைத்துத் தூங்குகிற ஓர் அம்மாள், பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர், அப்புறம் ஒரு ஆள். ஐம்பது வயது இருக்கும், சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. மழைக்கான அறிகுறியே இல்லாத வெயிலில் கையில் குடை வேறு. இரண்டு பஸ் வந்து போயிற்று, அந்த ஆள் ஏறவில்லை. கண்ணாடிக் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். ஜோசியர் பக்கத்தில் போய் நின்றார்.

"யாருக்காவது வெயிட் பண்றீங்களா?"

"ஆமாங்க" என்றான் அந்த ஆள், கடையைப் பார்த்தபடியே.

"ரொம்ப நாளாவா?"

"காலைலேருந்து. கண்ணாடி ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். ஒன்றரைக்கு வாங்கன்னாங்க. அதில்லாம பஸ் நம்பரே தெரிய மாட்டேங்குது. இப்ப மணி என்னங்க?"

ஜோசியர் மணி சொன்னார். குடைக்காரர் தெருவைக் கடந்து கடைக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். ஜோசியர் நின்றார். கால் மாற்றி மாற்றி நின்றார். வேறு யாரும் வரவில்லை.

இரண்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் மனைவி வெளியே வந்தாள். தலை குனிந்து பைக்குள் எதையோ தேடிக்கொண்டே தெருவைக் கடந்தாள். நிமிர்ந்தவள் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டினான். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் அவர் இதுவரை பார்த்ததில்லை. அது யாருக்கான வெளிச்சம் என்று அவர் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களா?" என்றாள் கிட்டே வந்து. "எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?"

"ஒரு மணிலேருந்து."

"எனக்காகவா?"

"இல்ல இல்ல. இந்தப் பக்கம் ஒரு வேலை."

"ஓ" என்றாள்.

வெளிச்சம் போய்விட்டது. பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறி, இடம் கிடைத்த இரண்டு மூலைகளில் உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் அவர், யாரை எதிர்பார்த்து ஏமாந்தாள், ஏன் முகம் அப்படிச் சுண்டிப் போயிற்று என்று அவள் பின்னந்தலையைப் பார்த்து ஆராய்ந்துகொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படியில் மேல்வீட்டு டீச்சர் வழிமறித்தாள். முப்பத்து நாலு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை, வாட்டசாட்டமான உடம்பு. அவள் படியிறங்கும்போது எதிரே வருகிறவர்கள் தானாகச் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். ஜோசியரும் ஒட்டி நின்றார்.

"தம்பி, ஒரு தப்பு பண்ணிட்டோம். சொல்லிடறேன். அதுக்கப்புறம் நீங்க திட்டறதா இருந்தா என்னையே திட்டுங்க."

"என்ன டீச்சர்?"

"போன வாரம் உங்க கம்பெனி படத்துக்கு உங்க வீட்டம்மாவ நான்தான் இழுத்துட்டுப் போனேன். கண்ணாடிக் கடைல டிக்கெட் குடுத்தாங்க. வீட்டு மனுஷங்க வரக்கூடாதாமே. அவ மாட்டேன் மாட்டேன்னுதான் சொன்னா. ஒரு வாரமா உங்க மூஞ்சியப் பாத்துட்டு, தெரிஞ்சுபோச்சு போலன்னு நடுங்கிட்டிருக்கா."

நடுக்கத்துக்குக் காரணம் வேறு என்று ஜோசியருக்குத் தெரியுமே.

"அப்புறம் அந்தச் சீட்டு" என்று டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "நான்தான் எழுதணும்னு ஆசைப்பட்டேன். இந்தக் கைய வச்சிக்கிட்டு எப்படி எழுதறது? நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதினா."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். வலது கை, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமாக அவர் தினமும் அந்தக் கட்டைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு காலத்தில் சீட்டின் அடியில், 'வேறொருவருக்காக எழுதியிருந்தால் இங்கே குறியிடவும்' என்று ஒரு வரி இருந்தது. இடத்தை அடைக்கிறது, எழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும் என்று போன வருடம் அதை அடித்துவிட்டவர் நம் ஜோசியர்தான்.

"படிச்சிருப்பீங்களே" என்றாள் டீச்சர். அவள் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. "ஏழு சனிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் பஸ் வர்ற வரைக்கும் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். எல்லாத்தையும் கூட்டினாலும் ஒரு மணி நேரம் தேறாது. அதுக்கு முப்பது வருஷம் நினைப்பு. கணக்கு எங்கயோ உதைக்குது, இல்ல தம்பி?"

அவருக்கு டீச்சரின் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் உருண்டு, படிப்படியாக இறங்கிக் கீழே போயிற்று. அவள் இல்லை. அவளுக்கு யாரும் இல்லை. எந்தச் சனிக்கிழமைக்காரனும் இல்லை. சிரித்தே விட்டார். டீச்சரும் வெட்கத்தோடு சிரித்தாள்.

"அந்தக் குழி சீன இன்னும் ஒரு தடவ பாக்கணும் தம்பி. எப்ப வருது படம்?"

சிரிப்பு பாதியில் நின்றது.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு ஜோசியர் எடிட்டரின் அறை வாசலில் நின்றார். காட்சியை வெட்டி எடுத்தாயிற்று, ஆனால் துண்டு பத்திரமாக இருக்கிறது, முதலாளி பன்னிரண்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால்தான் முடிந்த முடிவு என்று எடிட்டர் சொன்னான். "ஏண்ணே, என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

"எண்ணு மாறிப்போச்சு. என் தப்பு. திரும்ப எண்ணித் தரேன்."

மேஜையில் இருந்த கணக்கையே எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டையும் தன் கையாலேயே முதலிலிருந்து எண்ணினால்தான் தன் கை தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று அவருக்குப் பட்டது. கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தார். குழி, குழி, துரத்தல், குழி. சந்தோஷமாகத்தான் எண்ணினார். சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போய், அந்தக் கண்ணாடிச் சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லவேண்டும் என்று நடுவில் நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது கட்டில், டைப்பிஸ்ட் அம்மாள் கூட்டி முடித்து அவர் கண்ணில் படாமலே போன சீட்டுகளுக்கு நடுவில், அந்த 'ற' மறுபடி வந்தது. நாற்காலி போட்ட 'ற', வால் சுருண்ட 'ழ', பதிலுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு. டீச்சருக்கு எழுதிக் கொடுத்தவள் தனக்கும் ஒன்று எழுதியிருக்கிறாள். எழுதாமல் இருப்பாளா, ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்களே.

பிடித்த காட்சி, குழிக் காட்சி. அலுத்த இடம், வண்டித் துரத்தல். நாடகாசிரியரைப் பற்றி ஒரு வரி: 'பேசத் தெரியாதவர் இல்லை, பயந்தவர். பயம் போனதும் பேசிவிட்டார்.' ஜோசியர் சிரித்துக்கொண்டே ஐந்தாவது கேள்விக்கு வந்தார்.

'எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு வந்தது. அழுதார். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.'

ஆறாவது கேள்விக்கு அவள் ஒன்றும் எழுதவில்லை. எழுத வந்து நின்றதுபோல, பென்சில் முனையின் புள்ளி மட்டும் இருந்தது.

ஜோசியர் ஐந்தாவது பதிலை மறுபடி முதலிலிருந்து படித்தார். இல்லாத ஒருவனை நினைத்து ஒரு வாரமாக அவர் வயிறெரிந்தார். அவளும் வயிறெரிந்திருக்கிறாள். முப்பது வருடத்துக்கு முன்னால் பத்து நிமிடம் பஸ் நிறுத்தத்தில் நின்றுவிட்டுப் போன ஓர் ஆள்கூடத் தனக்கு இல்லையே என்று. பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில், ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவர் இருக்கிறார், அவர் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. நேற்றுப் படிக்கட்டில், அவளுக்கு யாரும் இல்லை என்று சந்தோஷப்பட்டுச் சிரித்தாரே, அது நூற்றுக்கு நூறு உண்மைதான்.

டைப்பிஸ்ட் அம்மாள், "என்ன சார், மறுபடியும் தலைவலியா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். குழிக்கு ஒரு கோடு போட்டார், துரத்தல் அலுப்புக்கு ஒரு கோடு போட்டார். ஐந்தாவது கேள்வியில் 'யாருமில்லை' என்ற பத்தியில் ஒரு கோடு போட்டார். மிச்சச் சீட்டுகளையும் எண்ணி முடித்தார். டைப்பிஸ்ட் அம்மாள் கூட்டியது ஓர் எண்கூடத் தப்பவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முதலாளியிடம் போய், எண்களை மாற்றி எழுதியது தானே என்றார். ஏன் என்று முதலாளி கேட்டதற்கு, "வீட்டுப் பிரச்சினை" என்றார். முதலாளி கால் மணி நேரம் கத்தினார். இருபத்தோரு வருடத்தைப் பற்றிக் கத்தினார், மச்சினருக்கு என்ன பதில் சொல்வது என்று கத்தினார், அடுத்த படத்துக்குச் சீட்டு எண்ண வேறு ஆள் பார்க்கப்போவதாகக் கத்தினார். கடைசியில் எடிட்டரைக் கூப்பிட்டு, குழியை ஒட்டு, வண்டியை வெட்டு என்றார். எதுவும் ஜோசியரின் காதில் சரியாக ஏறவில்லை.

வெளியே வந்து தாழ்வாரத்தில் இருந்த போனை எடுத்து, கண்ணாடிக் கடைக்கு அடித்தார். எண் நினைவில் இருந்தது. இத்தனை வருடத்தில் மூன்று தடவை அந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார். அவளுடைய அப்பா தவறிப்போனபோது ஒரு தடவை, அவருடைய அம்மா போனபோது ஒரு தடவை, பெரியப்பா போனபோது ஒரு தடவை.

"நான்தான்" என்றார்.

"என்னங்க?" அவள் குரல் அப்போதே மாறிவிட்டது. "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மாத்தான் கூப்பிட்டேன்."

கடையில் யாரோ விலை கேட்பதும், அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஒரு நிமிடம் என்று சொல்வதும் கேட்டது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம்.

"நான் உக்காந்துட்டேன்" என்றாள். "தைரியமாத்தான் இருக்கேன். மறைக்காம சொல்லுங்க, யாரு?"